மணிமேகலை: ஒரு பெயரும் அது வந்த கடலும் (கடிதமும் பதிலும்)

அன்புள்ள ஐயா,

எங்களுக்குப் பெண் குழந்தை பிறந்து ஐம்பது நாள் ஆகிறது. மணிமேகலை என்று பெயர் வைக்க நானும் என் கணவரும் முடிவு செய்திருந்தோம். வீட்டில் சொன்னதும் ஆளுக்கொரு தடை சொல்கிறார்கள். என் தாய்மாமா, “அது துறவு போனவள் பெயர், பிள்ளைக்கு வேண்டாம்” என்கிறார். மாமியார் வெளிப்படையாகச் சொல்லாவிட்டாலும், கணிகை வீட்டில் வைத்த பெயர் என்று தயங்குகிறார். நாத்தனார் படித்தவர். அந்தத் தெய்வம் சாபம் கொடுத்துத்தானே பூம்புகார் கடலுக்குள் போனது என்று கேட்கிறார்.

சரி, அர்த்தத்தையாவது சொல்லிச் சமாதானப்படுத்தலாம் என்று குழந்தைப் பெயர் தளங்களைப் பார்த்தேன். ஒன்றில் ‘ஒட்டியாணம்’, ஒன்றில் ‘மணி போன்ற மேகங்களின் அலை’, இன்னொன்றில் ‘மேலான கலைகளை உடையவள்’ என்று இருக்கிறது. எது சரி? இந்தப் பெயர் முதலில் எங்கிருந்து வந்தது? மேகலா, மேகலை இரண்டில் எது சரியான வடிவம்? பிறப்புச் சான்றிதழில் இன்னும் பெயர் சேர்க்கவில்லை. அதற்குள் உங்கள் பதில் கிடைத்தால் நல்லது.

அன்புடன்,
க.

அன்புள்ள க.,

தயங்காமல் வையுங்கள். உங்கள் வீட்டார் சொல்லும் மூன்று தடைகளுக்கும் நூலில் இடம் இருக்கிறது. யாரும் கற்பனையாகச் சொல்லவில்லை. ஆனால் மூவரும் கதையைப் பாதியில் தொடங்குகிறார்கள். அந்தப் பெயர் ஏன் வைக்கப்பட்டது என்பதிலிருந்து தொடங்கினால் தமிழில் இதைவிட நன்றியுள்ள பெயர் ஒன்றைக் காண்பது கடினம்.

அவசரமும் இல்லை. பெயரில்லாமல் பதிவான பிறப்புக்கு, பதிவு செய்த நாளிலிருந்து 12 மாதத்துக்குள் கட்டணமில்லாமல் பெயர் சேர்க்கலாம். அதன் பிறகும் 15 ஆண்டு வரை தாமதக் கட்டணம் செலுத்திச் சேர்க்க வழி உண்டு. ஒருமுறை ஏறிய பெயரை மாற்றுவதுதான் அலைச்சல். அதனால் எழுத்தை முடிவு செய்துகொண்டு போவது நல்லது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் அந்த மூன்று அர்த்தங்கள். தமிழ்ப் பெயர் ஒன்றுக்கு யாராவது பொருள் சொன்னால், அவர் சொல்லைப் பிரித்திருக்கும் விதத்தைத் திரும்பச் சேர்த்துப் பாருங்கள். புணர்ச்சி விதி பொய் சொல்லாது. ‘மேகம் + அலை’ என்று பிரித்தால் ‘மேகலை’ வராது. மகர ஈறு கெட்டு, இடையில் வகர உடம்படுமெய் தோன்றி ‘மேகவலை’ என்று ஆகும். மரம் + அடி ‘மரவடி’ ஆவது போல. ‘மேல் + கலை’ என்று பிரிப்பவர்களுக்கும் இதே சிக்கல்தான். லகர மெய் ககரத்தின் முன் றகரமாகத் திரியும். மேல் + கூரை ‘மேற்கூரை’ ஆகிறது, மேல் + கலை ‘மேற்கலை’தான் ஆகும். ஆக, மேகமும் இல்லை, மேலான கலையும் இல்லை. கலை என்பதற்கு ஆடை என்றும் பொருள் உண்டு என்பதால் ‘மேலாடை’ என்று சிலர் சொல்வார்கள். அதையும் இந்த ஒரு விதியே தள்ளிவிடும்.

மேகலை பிரிக்கக்கூடிய சொல்லே இல்லை. வடமொழியில் ‘மேகலா’ என்று வழங்கும் இடையணியின் பெயர், தமிழுக்கு வரும்போது ஆகார ஈறு ஐகாரமாகி ‘மேகலை’ ஆயிற்று. கங்கா கங்கை ஆனதும், சீதா சீதை ஆனதும், மாலா மாலை ஆனதும் இதே வழியில்தான். உங்கள் கடைசிக் கேள்விக்கும் இதிலேயே விடை இருக்கிறது: மேகலாவும் மேகலையும் ஒரே சொல். முன்னது வடமொழி ஈற்றோடு நிற்பது, பின்னது தமிழ் ஈறு பெற்றது. மணிமேகலைக் காப்பியத்திலேயே இரண்டு வடிவமும் உண்டு. தெய்வத்தைச் சுட்டும்போது ‘மணிமேகலா தெய்வம்’ என்றும், பெண்ணைச் சுட்டும்போது ‘மணிமேகலை’ என்றும் வருகிறது. ஆனால் அந்தத் தெய்வம் தன் வாயால் தன் பெயரைச் சொல்லும் இடத்தில் ‘மணிமேகலை’ என்றே சொல்கிறது. அந்த இடத்துக்குப் பிறகு வருகிறேன்.

‘ஒட்டியாணம்’ என்ற பொருள் ஏறக்குறையச் சரி. இரண்டும் இடுப்பில் அணிவதுதான், ஆனால் அமைப்பு வேறு. ஒட்டியாணம் இடுப்பை இறுகப் பிடிக்கும் பட்டை, பெரும்பாலும் தகடாகச் செய்வது. மேகலை என்பது கோவைகள். மணிகளைச் சரம் சரமாகக் கோத்து, ஆடைக்கு மேலே இடுப்பில் தளர்வாகத் தொங்கவிடுவது. சரங்களின் எண்ணிக்கையைக் கொண்டே இடையணிகளுக்குப் பெயர் வேறுபட்டது. பழைய உரைகாரர்கள் எடுத்துக்காட்டும் வெண்பா ஒன்று கணக்குச் சொல்கிறது: எட்டுக் கோவை என்றால் காஞ்சி, ஏழு கோவை என்றால் மேகலை, பதினாறு கலாபம், பதினெட்டு பருமம், முப்பத்திரண்டு விரிசிகை. எப்படி இருக்கும் என்று பார்க்க வேண்டுமானால், கி.மு. 2-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த பார்ஹுத் இயக்கி (யட்சி) சிற்பங்களின் படங்களைத் தேடிப் பாருங்கள். கொல்கத்தா இந்திய அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. இடுப்பைச் சுற்றி வரிசை வரிசையாக உருண்டை மணிகள், ஒவ்வொன்றும் தனித்தனியே எண்ணும்படி செதுக்கியிருப்பார்கள்.

மணி என்ற சொல்லிலும் ஓர் அழகு ஒளிந்திருக்கிறது. இன்று மணி என்றால் பொதுவாக எந்த இரத்தினமும்தான், பாசிமணியும்கூடத்தான். பழந்தமிழில் அடைமொழியின்றி மணி என்றாலே பல இடங்களில் நீலமணியைக் குறிக்கும். மணிமிடற்றன் என்றால் நீலகண்டன். மணிவண்ணன் என்றால் கடல்நிறக் கடவுள். அந்தப் பொருளில் எடுத்தால் மணிமேகலை நீலமணிக் கோவை. வடமொழியில் பூமிக்கே ‘சாகரமேகலா’ என்று ஒரு பெயர் உண்டு, கடலை மேகலையாக அணிந்தவள் என்று. கடல் தெய்வம் ஒன்றுக்கு இந்தப் பெயர் எவ்வளவு பொருந்துகிறது என்று நான் வியப்பது உண்டு. இது என் வாசிப்பு. நூல்கள் பெயர்க்காரணமாக இதைச் சொல்லவில்லை.

இலக்கணப்படி, மணிமேகலை என்பது அணியைக் குறித்தால் ‘மணிகளால் ஆன மேகலை’ என்று விரியும். மூன்றாம் வேற்றுமை உருபும் பயனும் உடன்தொக்க தொகை. பெண்ணுக்குப் பெயராகும்போது ‘மணிமேகலையை அணிந்தவள்’ என்று அன்மொழித்தொகை ஆகிவிடும். சொல்லுக்குப் பொருள் இவ்வளவுதான். தளங்கள் இத்தோடு நிறுத்திவிடுகின்றன. ஆனால் மாதவியின் மகளுக்கு இந்தப் பெயரை வைத்தவன் இடையணியை நினைத்து வைக்கவில்லை.

சிலப்பதிகாரத்தில் அடைக்கலக் காதைக்குப் போங்கள். மதுரைக்கு வெளியே கோவலன் தங்கியிருக்கிறான். தலைச்செங்கானத்து மறையவன் மாடலன், பொதிகை மலையை வலம்கொண்டு குமரியில் நீராடித் திரும்பும் வழியில் அவனைப் பார்க்கிறான். பார்த்ததும் கோவலன் செய்த நல்லவற்றை ஒவ்வொன்றாக அவனுக்கே நினைவூட்டுகிறான். அவன் முதலில் எடுப்பது இந்தப் பெயர் வைத்த நாளைத்தான். கொலைக்களத்துக்குப் போக இன்னும் சிறிது காலமே இருக்கும் ஒருவனிடம் சொல்லப்படுகிறது என்பதை மனதில் வைத்துப் படித்தால் அந்தப் பகுதி வேறு மாதிரி கேட்கும்.

நடந்தது இது. மாதவிக்குப் பெண் பிறந்து, வாலாமை (பிள்ளைப்பேற்றுத் தீட்டு) நாள்கள் கழிந்தன. மூத்த கணிகையர் கூடி, குழந்தைக்குப் பெயர் வைக்க வேண்டும் என்று மகிழ்ச்சியாகப் பேசுகிறார்கள். அதைக் கேட்ட கோவலன், தன் குலத்தில் வழங்கிவரும் நிகழ்ச்சி ஒன்றைச் சொல்கிறான். முன்னொரு காலத்தில் அவன் முன்னோர் ஒருவர் கடலில் போகையில், நள்ளிரவில் கப்பல் உடைந்தது. கரை சேர வழியில்லாமல் சில நாள் நீந்திக்கொண்டே இருந்தார். அவர் நிறையத் தானம் செய்தவர். அப்போது ஒரு தெய்வம் வந்து, இந்திரன் ஆணையால் இந்தக் கடலில் வாழ்கிறேன் என்று சொல்லி,

“வந்தேன் அஞ்சல் மணிமேகலை யான்”

என்றது. நீ செய்த பெருந்தானத்தின் பயன் உன்னைக் கைவிடாது, துன்பம் நீங்கி இந்தத் துயர்க்கடலைக் கட என்றும் சொல்லி, மந்திரத்தால் எடுத்துக் கரை சேர்த்தது. எங்கள் குலதெய்வமான அதன் பெயரையே குழந்தைக்கு வையுங்கள் என்கிறான் கோவலன். ஆயிரம் கணிகையர் ‘மணிமேகலை’ என்று வாழ்த்துகிறார்கள். கோவலனும் மாதவியும் வந்தவர்களுக்கெல்லாம் கைநிறையப் பொன்னை மழையாகப் பொழிகிறார்கள்.

அந்த வரியைக் கொஞ்சம் கவனியுங்கள். நான்கே சொற்கள். ‘வந்தேன்’ முதலில் வருகிறது. ‘அஞ்சல்’ என்றால் அஞ்சாதே. தான் யார் என்பது கடைசியில்தான். முழுகிக்கொண்டிருப்பவனுக்கு முதலில் எது காதில் விழ வேண்டுமோ அந்த வரிசையில் தெய்வம் பேசுகிறது. இதே வரி எழுத்து மாறாமல் மணிமேகலைக் காப்பியத்திலும், ஏழாவது காதையான துயிலெழுப்பிய காதையில் வருகிறது. நள்ளிரவு. அவளை விரும்பித் தொடர்ந்த சோழ இளவரசன் உதயகுமரன் கையில் சிக்காதபடி, புகாரின் உவவனம் என்ற பூந்தோட்டத்தில் உறங்கிக்கொண்டிருந்த மணிமேகலையை மணிபல்லவத் தீவுக்குத் தெய்வம் கொண்டுபோய்விட்டது. பிறகு தனியாகத் தூங்கும் அவள் தோழி சுதமதியை எழுப்புகிறது. திடுக்கிட்டு விழிப்பவளிடம் “வந்தேன் அஞ்சல் மணிமேகலை யான்” என்கிறது. குலத்து முன்னோரைக் கடலில் காப்பாற்றியபோது சொன்னது எதுவோ, பேத்தியைக் காக்கும் இரவில் அவள் தோழிக்கும் அதுவே. இரண்டு காப்பியங்களையும் அடுத்தடுத்துப் படிக்கும்போது இந்த வரி திரும்ப வரும் இடத்தில் மெய்சிலிர்க்காதவர் இருக்க முடியாது.

பெயர் வைத்த அதே நாளில் இன்னொன்றும் நடந்தது. அது அதிகம் பேசப்படுவதில்லை. தானம் வாங்க, வளைந்த உடம்பும் தளர்ந்த நடையுமாகத் தடியூன்றி ஒரு முதிய அந்தணர் வந்தார். பாகனை மீறி ஓடிவந்த மத யானை அவரைத் துதிக்கையால் பற்றிக்கொண்டது. கோவலன் அதட்டிக்கொண்டே பாய்ந்து, கிழவரை அதன் கையிலிருந்து விடுவித்துவிட்டு, தான் அந்தத் துதிக்கைக்குள் புகுந்து, கொம்புகளைப் பற்றி ஏறி, பிடரியில் உட்கார்ந்து யானையை அடக்கினான். ‘கருணை மறவ’ என்று மாடலன் அவனை விளிப்பது இந்தச் செயலுக்காகத்தான். மீட்பின் நினைவாகப் பெயர் வைத்த அதே நாளில் ஒரு மீட்பு. இளங்கோ இதைத் தற்செயலாக அடுத்தடுத்து வைத்திருக்க மாட்டார்.

கடலில் தவித்தவர் எத்தனை நாள் நீந்தினார்? சிலம்பு ‘நாள் சில’ என்று நிறுத்திக்கொள்கிறது. மணிமேகலையின் 29-ஆம் காதையில் பௌத்தத் துறவி அறவண அடிகள் இதே நிகழ்ச்சியைக் காஞ்சியில் வைத்து மணிமேகலைக்குச் சொல்லும்போது ஏழு நாள் என்கிறார். அங்கே ஓர் உவமை வருகிறது. பச்சைக் கம்பளத்துக்குள் பொன்னூசி நுழைந்து நுழைந்து வெளிவருவது போல அவர் கடலில் நீந்தினாராம். அலை மேலே வரும்போது தலை தெரிகிறது, தாழும்போது மறைகிறது. தையல் ஊசியும் அப்படித்தானே, துணிக்கு மேலே ஒரு மின்னல், உடனே உள்ளே. கரையிலிருந்து தொலைவில் நீந்தும் ஒருவரைப் பார்த்தவர்களுக்கு இந்த உவமையின் துல்லியம் புரியும். அவர் பின்னாளில் போதி மரத்தடியில் புத்தராகப் போகிறவர் என்பதால் இந்திரனின் பாண்டுகம்பளம் என்ற இருக்கை நடுங்கியது என்றும், அதனால் தெய்வம் அனுப்பப்பட்டது என்றும் அடிகள் சொல்கிறார். அந்த உதவிக்காகத்தான் உன் தந்தை உனக்கு அந்தப் பெயரை இட்டான் என்று முடிக்கிறார். பெயருக்குக் காரணம் கேட்டால் நூலே நேராகச் சொல்லும் விடை இது.

இந்த ஏழு நாள் கணக்கு தமிழுக்கு மட்டும் உரியதல்ல. புத்தரின் முற்பிறப்புகளைச் சொல்லும் பாலி மொழி ஜாதகக் கதைகளில் மணிமேகலா இரண்டு இடங்களில் தெளிவாக வருகிறாள். மகாஜனக ஜாதகத்தில் இளவரசன் ஒருவன் பொருள் தேடிச் சுவர்ணபூமிக்குக் கப்பலேறுகிறான். நடுக்கடலில் கப்பல் பிளக்கிறது. மற்றவர்கள் அழுது தெய்வங்களைக் கூப்பிட்டுக்கொண்டிருக்க, அவன் சர்க்கரையும் நெய்யும் வயிறு நிறையச் சாப்பிடுகிறான். எண்ணெயில் ஊறிய துணியை உடம்பில் இறுக்கிக் கட்டிக்கொள்கிறான். பாய்மரத்தின் உச்சிக்கு ஏறிக்கொள்கிறான். கப்பலை ஒட்டிய தண்ணீரில் விழுந்தவர்களை மீன்களும் ஆமைகளும் பிடித்துக்கொண்டிருந்தன. அந்த வளையத்தைத் தாண்டி விழ உயரத்திலிருந்து குதிக்க வேண்டும். உணவும், உடம்பில் குளிர் ஏறாமலிருக்க எண்ணெயும், குதிக்க உயரமும். கடலோடிகள் சொல்லாமல் இவ்வளவு விவரம் கதைக்குள் வந்திருக்காது. ஏழாம் நாள்தான் மணிமேகலா அவனைப் பார்க்கிறாள். கரையே தெரியாத கடலில் எதற்காகக் கையடிக்கிறாய் என்று கேட்கிறாள். முயற்சி செய்தவன் செத்தாலும் பழியில்லை என்கிறான் அவன். தூக்கி மிதிலையின் மாந்தோப்பில் கொண்டுபோய் வைக்கிறாள்.

சங்க ஜாதகத்தில் வருபவன் பெருங்கொடையாளி. கப்பலேறப் போகும் வழியில், சுடுமணலில் நடந்துவரும் துறவி ஒருவருக்குத் தன் செருப்பையும் குடையையும் கொடுக்கிறான். பிறகு அவன் கப்பலும் கடலில் கெடுகிறது. அந்தத் தானத்தின் பலனாகவே மணிமேகலா அவனுக்கு ஒரு கப்பலைத் தருகிறாள். கோவலன் சொன்ன கதையில் ‘தானம் புரிந்தோன்’, ‘உன் பெருந்தானத்து உறுதி ஒழியாது’ என்று இருமுறை தானம் அழுத்திச் சொல்லப்படுகிறதே, அதற்கு இது மிக நெருக்கம். ஒரு வேறுபாடும் உண்டு. ஜாதகத்தில் அவளைக் கடலுக்குக் காவல் வைத்தவர்கள் திசை காக்கும் நான்கு லோகபாலர்கள். தமிழில் இந்திரன். இந்திரவிழா எடுக்கும் புகாருக்கு அவளைக் கொண்டுவரும்போது ஆணையிடுபவனும் மாறிவிடுகிறான்.

இனி உங்கள் வீட்டாருக்கு வருவோம்.

மாமா சொல்வதில் ஓர் ஆதாரம் இருக்கிறது, அதை மறைக்க வேண்டாம். பெயர் வைத்த அன்றிரவே மாதவியின் கனவில் தோன்றி, காமனையே கலங்கவைக்கும் மாபெருந் தவக்கொடியை நீ பெற்றிருக்கிறாய் என்று சொன்னேன் என்று தெய்வம் ஏழாவது காதையில் கூறுகிறது. ஆனால் அது அந்தக் குழந்தையைப் பற்றிய முன்னறிவிப்பு. பெயரால் துறவு வந்தது என்று எங்கும் இல்லை. துறவுக்கு நூல் சொல்லும் காரணங்கள் வேறு: கோவலன் கொலையுண்டது, மாதவி அறவண அடிகளிடம் சரணடைந்தது, முற்பிறப்பில் கணவன் இராகுலனோடு வாழ்ந்த வாழ்வின் தொடர்ச்சி. அதோடு, துறவு என்றதும் மாமா மனதில் எழும் படம் ஒதுங்கி உட்கார்ந்த பெண்ணாக இருக்கலாம். மணிமேகலை செய்தது அது இல்லை. அள்ள அள்ளக் குறையாத அமுதசுரபி என்ற பாத்திரத்தைக் கையில் வாங்கி, ஆதிரை என்ற பெண் இட்ட முதல் பிச்சையோடு ஊர்ப் பசியைத் தீர்க்கக் கிளம்பினாள். அரசனிடம் கேட்டுச் சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக மாற்றினாள். பசித்தவர்களுக்கு நடுவில்தான் இருந்தாள்.

அந்தப் பாத்திரம் அவளுக்குக் கிடைத்த இடம் மணிபல்லவம், அவளைப் பெயர்த் தெய்வம் தூக்கிக்கொண்டுபோய் வைத்த தீவு. அதற்கு முன் அதை வைத்திருந்தவன் ஆபுத்திரன். கப்பல் அவனை அந்தத் தீவில் மறந்து விட்டுவிட்டுப் போய்விட்டது. ஊட்ட ஆளில்லாத இடத்தில் அமுதசுரபி இருந்து என்ன பயன் என்று கோமுகிப் பொய்கையில் அதை விட்டுவிட்டு, உண்ணாமல் உயிர் துறந்தான். ஆண்டுக்கு ஒருமுறை, வைகாசி விசாகத்தில் மட்டும் மேலே வரும் பாத்திரம் மணிமேகலை கைக்கு வந்தது. தானத்தால் கடலில் பிழைத்த ஒருவரின் குலத்தில், அந்தப் பிழைப்பின் பெயரைச் சுமந்து பிறந்தவள், கொடுத்துக் கொடுத்துத் தீராத பாத்திரத்தை ஏந்துகிறாள். பெயருக்கும் வாழ்க்கைக்கும் உள்ள உண்மையான தொடர்பு இதுதான் என்பது என் உறுதியான எண்ணம். மாமாவிடம் இதைச் சொல்லுங்கள்.

மாமியாரின் தயக்கத்துக்கு மாதவியே விடை சொல்லியிருக்கிறாள். மணிமேகலைக் காப்பியத்தின் ஊரலருரைத்த காதையில், மகளை ஆடரங்குக்கு அனுப்பச் சொல்லி ஆள் வரும்போது, மதுரையை எரியூட்டிய ‘மாபெரும் பத்தினி மகள் மணிமேகலை’, அவள் தவத்துக்கே உரியவள், தீத்தொழிலில் படமாட்டாள் என்று மறுக்கிறாள். பெற்றவள் தானாக இருக்க, கண்ணகியின் மகள் என்கிறாள். தன் உரிமையையே விட்டுக்கொடுத்து ஒரு தாய் சொன்ன சொல் இது. அதோடு, பெயர் வந்தது கணிகை வீட்டிலிருந்து அல்ல. அந்த வீட்டில் வைத்து அழைத்தார்களே தவிர, அது வணிகர் குடும்பம் ஒன்றின் குலதெய்வப் பெயர்.

நாத்தனார் கேட்பது நேர்மையான கேள்வி. புகாரைக் கடல் கொண்டது மணிமேகலா தெய்வத்தின் சாபத்தால் என்று காப்பியத்தின் பிற்பகுதி சொல்கிறது. காரணமும் சொல்கிறது. நாகநாட்டு இளவரசி பீலிவளை தன் குழந்தையை, தந்தையான சோழனிடம் சேர்க்கும்படி கம்பளச் செட்டியின் கப்பலில் அனுப்புகிறாள். அந்தக் கப்பல் இரவில் உடைகிறது. பிள்ளையைத் தேடித் தவித்த சோழன், 28 நாள் எடுக்க வேண்டிய இந்திரவிழாவை மறந்துவிடுகிறான். தெய்வம் பொறுக்காமல், நகரைக் கடல் கொள்ளட்டும் என்கிறது. பிள்ளையை இழந்த தகப்பனின் மறதிக்கு ஊரையே தண்டிப்பதா என்ற கேள்வி எனக்கும் உண்டு. அதற்குச் சமாதானம் கற்பிக்க மாட்டேன். கடலை நம்பி வாழ்ந்தவர்கள் கடல் தெய்வத்தை இப்படித்தான் பார்த்திருக்கிறார்கள், எடுத்துக் காப்பதும் அதுவே, கொள்வதும் அதுவே. ஆனால் பெயர் வைக்கும்போது கோவலன் இவற்றில் எதைத் தேர்ந்தெடுத்தான் என்பது தெளிவு. நீங்களும் அதைத்தான் தேர்ந்தெடுக்கிறீர்கள்.

இவள் கடல் தாண்டியும் போயிருக்கிறாள். தாய்லாந்துக் கோயில் சுவரோவியங்களில் மகாஜனகனைக் கடலிலிருந்து தூக்கும் காட்சி அடிக்கடி வரையப்படுவது. அங்கே மேக்கலா என்பது மின்னலின் தேவதை. கையில் பளிச்சிடும் மணியை அவள் ஆட்ட, அது மின்னல். ராமசூன் என்ற அசுரன் கோடரியை எறிய, அது இடி. கம்போடியாவில் மொனி மேக்கலா என்ற பெயரில் அரசவை நடனமாக, மழை வேண்டி ஆடியிருக்கிறார்கள். மேற்குப் பசிபிக் புயல்களுக்கு வைக்கும் பெயர்ப் பட்டியலில் தாய்லாந்து கொடுத்த பெயர்களில் ‘மேக்கலா’வும் ஒன்று. 2015 ஜனவரியில் அந்தப் பெயருள்ள புயல் பிலிப்பைன்ஸைத் தாக்கியது. காப்பவள் பெயரைப் புயலுக்கு வைத்ததில் எனக்கு வருத்தம்தான், ஆனாலும் மேகம், மின்னல் என்று உங்கள் தளங்கள் ஏன் தடுமாறின என்பதற்கு இங்கே ஒரு தூரத்துக் காரணம் கிடைக்கலாம்.

கடைசியாக எழுத்து. ‘மணிமேகலை’ என்றே பதியுங்கள். மேகலா பிழையில்லை. ஆனால் கோவலன் வீட்டில் கூப்பிட்ட பெயர் வேண்டும் என்றால் ஐகார ஈறுதான். விண்ணப்பத்தில் தமிழ் எழுத்தை நீங்களே கையால் எழுதிக் கொடுங்கள். தட்டச்சில் அதிகம் நேரும் பிழைகள் இரண்டு: டண்ணகரம் போய் ‘மனிமேகலை’ ஆவது, லகரம் போய் ‘மணிமேகளை’ ஆவது. முதலாவதில் மணியே போய்விடும், இரண்டாவதில் களை முளைத்துவிடும். சான்றிதழ் கைக்கு வந்ததும் அங்கேயே நின்று எழுத்தெழுத்தாகப் படித்துப் பாருங்கள். ஆங்கில எழுத்தில் ககரத்துக்கு ‘கே’ போடுவோரும் உண்டு, ‘ஜி’ போடுவோரும் உண்டு. இறுதி ‘லை’க்கு ‘ஏ-ஐ’ என்று இரண்டெழுத்தும் போடலாம், ‘ஐ’ மட்டும் போட்டு ‘லி’ ஆக்கிவிடவும் கூடும். ‘ஏ-ஐ’ போடுங்கள். ககரத்துக்கு எது என்றாலும் சரி, பிறப்புச் சான்றிதழில் போட்டதையே ஆதாரிலும் பள்ளியிலும் பாஸ்போர்ட்டிலும் மாறாமல் போடுங்கள்.

வீட்டில் கூப்பிட மணி, மேகலை இரண்டும் நன்றாக இருக்கும். பெயர் வைக்கும் நாளில் குழந்தையின் காதில் பெயரை மூன்று முறை சொல்வீர்கள் அல்லவா? முதல் முறையை மாமாவையே சொல்லச் சொல்லுங்கள்.

அன்புடன்.